மதகுப் பாதையில் முள்

17 மே, திங்கள். வைகாசி 3.

மூடாப்பு. மலை தெரியவில்லை. விடியும் முன் தூறல்.

கால்வாய்க்கரைப் பாதையை முள் போட்டு அடைத்துவிட்டார்கள். அநியாயம். என்னைக் கேட்கவில்லை. தெருவில் வேறு யாரையும் கேட்டதாகவும் தெரியவில்லை. பின்னால் மனுவாக எழுத வேண்டி வரலாம். ஆகையால் விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் கால்வாய்க்கரை. அங்கிருந்து மதகு வரை அறுநூற்று நாற்பது எட்டு நடை. நாற்பத்தோரு வருஷம் நூல் மில்லில் நின்ற கால் இது. உட்கார்ந்தால் வீங்கும், நடந்தால் வற்றும். ஊரடங்கிலும் கா. 5.40க்குப் புறப்பட்டு 6.30க்குத் திரும்பிவிடுவேன். ஒருநாள் ரோட்டில் போலீஸ்காரர் மறித்து, "தாத்தா, உம்ம வயசுக்கு வீட்ல இருந்தா என்னவே?" என்றார். அன்றோடு ரோடு வேண்டாம் என்று விட்டேன். கரையில் கொக்கு, மயில். ஆள் கிடையாது.

சொரிமுத்து உண்டு. ஆனால் அவன் எதிர்க்கரை.

மில்லில் எனக்கு அடுத்த மிஷின் அவனுடையது. இப்போது மகள் வீட்டில், கால்வாய்க்கு அந்தப் பக்கம். போன வருஷம் முதல் ஊரடங்கு போட்ட அன்றே பேசி வைத்தோம்: அவன் அந்தக் கரையில் உட்கார வேண்டியது, நான் இந்தக் கரையில். நடுவில் பதினைந்து அடி. சர்க்கார் கேட்டது ஆறடி. கார் பாசனத்துக்கு இன்னும் திறக்காததால் முழங்கால் தண்ணீர்தான். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே. கத்திப் பேசுவோம். மிஷின் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டைகள்.

இன்று முள்ளைக் கம்பால் ஒதுக்கிவிட்டுப் போனேன். புறங்கையில் மூன்று கீறல். 6.10 வரை மதகில் நின்றேன். அவன் வரவில்லை. சனியும் ஞாயிறும்கூட வரவில்லை. மழைக்குப் பயந்திருப்பான்.

வீட்டுக்காரி கோமு கீறலுக்கு மஞ்சள் வைத்தாள். "ஒரு மாசம் நீங்க போகாட்டா கால்வாய் வத்தியா போயிரும்?"

பத்து மணிக்குள் சங்கரி நுங்கு வாங்கி வந்துவிட்டாள். (மாப்பிள்ளை துபாயில் மாட்டிக்கொண்டதால் மகளும் பேத்தியும் எங்களோடு.) பேத்தி மீனா நுங்குக் கண்ணில் விரலை விட்டு உறிஞ்சியதில் சட்டை முழுக்கத் தண்ணீர். யாரும் அதட்டவில்லை. பின்வாசலில் நாலு பேரும் உட்கார்ந்து தின்றோம். மூக்கும் வாயும் தெரிய நாலு முகம். வேறு எங்கே பார்க்க முடிகிறது இப்போது.

ஆம்புலன்ஸ் சத்தம் காலையில் ஒன்று, மதியம் இரண்டு. சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நாலு பேரும் வாயில் நுங்கோடு கேட்டுக்கொண்டிருந்தோம்.


18 மே, செவ்வாய்

தூறல் இல்லை. புழுக்கம்.

முள் மறுபடியும். நேற்றையதைவிட ஒரு கட்டு கூடுதல்.

வைத்தவன் தெரிந்துவிட்டது. அடுத்த தெரு முருகன், எலக்ட்ரீசியன். சிவப்பு ரிப்பன் வேறு கட்டியிருந்தான். கடைக்குப் போகும்போது பிடித்தேன்.

"முள்ளு போட்டது நீதானாலே?"

"ஆமா பெரியப்பா. வெளியூர்க்காரன் உள்ள வந்துரக் கூடாதுல்லா."

"வெளியூர்க்காரன் ரோட்ட விட்டுட்டு கால்வாய்க்குள்ள கொக்கு மாதிரி நடந்து வாரானாக்கும்?"

"நோய் கொக்கு மாதிரி வந்தாலும் வரும் பெரியப்பா. நீங்க வீட்டுக்குப் போங்க."

முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கையில் இருந்த பால் பாக்கெட்டோடு பேசினான். குறித்துக்கொள்கிறேன்.

ஒதுக்கிவிட்டு நடந்தேன். எதிர்க்கரையில் சொரிமுத்து உட்காரும் கல் மட்டும். கல்லின் மேல் ஒரு ஓணான்.

கால் வீக்கம் பரவாயில்லை. இட்லிக்கு மாவு புளித்துவிட்டது, ஆகையால் ஊத்தப்பம். மீனா நாலு தின்றாள்.


19 மே, புதன்

முள்ளை இப்போது கட்டியே விட்டார்கள். இந்தப் பக்கம் கல்தூணில் ஒரு கட்டு, அந்தப் பக்கம் வேப்பமரத்தில் ஒரு கட்டு. தும்புக்கயிறு, கயிறு எட்டாத இடத்தில் நூல். கம்பை விட்டு நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. கண்ணாடி கொண்டு போகாததால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை.

திரும்பிவிட்டேன். இந்தக் கரையில் நடக்கிற ஏழு வருஷத்தில் மதகைத் தொடாமல் திரும்பியது இன்றுதான்.

சொரிமுத்துவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. காலையில் இரண்டு முறை, மாலையில் மூன்று முறை.

கோமு: "தூங்கியிருப்பாவ."

நான்: "அஞ்சு தடவையுமா?"

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.


20 மே, வியாழன்

வெயில். மலை உச்சியில் மட்டும் மேகம்.

கரை இல்லாவிட்டால் மொட்டைமாடி. நீளம் இருபத்தாறு எட்டு. கோமுவும் ஏறி வந்தாள். அவளுக்கு ஆஸ்துமா உண்டு, இருந்தாலும் நடப்பாள். மீனா நடுவில் உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் எண்ணினாள். நாற்பது சுற்று நடந்ததாகக் கணக்கு; கொட்டை முப்பத்து மூன்றுதான் இருந்தது. மீதி ஏழு கொட்டையைப் பாவாடைக்குள் ஒளித்திருக்கிறாள், இன்னும் கொஞ்சம் நடக்கட்டும் என்று. கோமு சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்தது. இருமல் நிற்கும்வரை நான் நடக்கவில்லை.

மாடியிலிருந்து மலையில் அருவி ஒரு வெள்ளைக் கோடு மாதிரி தெரிகிறது. இந்த வீட்டில் முப்பது வருஷம். இதுவரை கவனித்ததில்லை.

எழுதாமல் விட்ட ஒன்று. எழுதிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, சொரிமுத்து மதகுப் பலகை மேல் ஏறி இந்தக் கரைக்கு வந்துவிட்டான். "என்னவே, எல்லை தாண்டுதீரு?" என்றேன்.

"தொண்டை கட்டியிருக்கு வே. கத்த முடியல. பக்கத்துல இருந்து பேசலாம்னு வந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தான். வெற்றிலை மடித்தோம். சுண்ணாம்பு டப்பா என்னுடையது. அவன் நகத்தால் எடுத்தான், அப்புறம் நான் எடுத்தேன். முகக்கவசம் தாடையில். மாதக்கணக்காகப் பதினைந்து அடி காத்தவர்கள், ஒரு வெற்றிலைக்கு ஒரு முழம்கூட விடவில்லை.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னான். காது கேட்டது. புத்தி கேட்கவில்லை.

அதே டப்பாவில்தான் மதியம் கோமுவும் சுண்ணாம்பு எடுத்தாள்.


21 மே, வெள்ளி

தூக்கம் இல்லை. விடிந்ததும் கண்ணாடியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். முள்ளை வெட்டிவிட்டுப் பலகை வழியே சொரிமுத்து வீட்டுக்கே போய்விடுவது என்று.

வெட்டவில்லை.

வேப்பமரத்துக் கட்டில் எட்டு இழை வெள்ளை நூல். முடிச்சு கடுகு அளவு. வால் விடவில்லை. முருகன் போட்டிருந்தால் எருமை கட்டுகிற முடிச்சாக இருக்கும். இது மில் முடிச்சு. என் பகுதியில் நூல் அறுந்தால் நாங்கள் முறுக்கி ஒட்டிவிடுவோம். முடிச்சுப் போட மாட்டோம். முடிச்சு, நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதிப் பெண்கள் வேலை. இரண்டு நுனியையும் கட்டைவிரலில் சுற்றி உள்ளே நுழைத்து ஒரே இழுப்பு.

எங்கள் தெருவில் ரீலிங்கில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். ஒருத்திக்குக் கை நடுக்கம்.

மூன்றாவது ஆள் என் வீட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சு உன்னுது" என்றேன்.

நிமிரவில்லை. "பேப்பர் எழுத்து தெரியலன்னு தூக்கி எறிஞ்சிய. முடிச்சு மட்டும் தெரியுதோ?"

"ஏன் அடைச்ச?"

"முருகங்கிட்ட நாந்தான் சொன்னேன். ரெண்டு நாளும் நீங்க உருவிப் போட்டுட்டுப் போனிய. அவனுக்குக் கட்டத் தெரியல. அதான் நானே போய்க் கட்டுனேன்."

"ஏன்னு கேட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். "சொரிமுத்து அண்ணாச்சிக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமையே அவுக மவ போன் போட்டா. மறுநா பாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவ. ஆக்சிஜன் வச்சிருக்காவளாம்."

"அஞ்சு நாளா எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா இருப்பியளா? இந்த ஊர்ல நீங்க போகாத ஆஸ்பத்திரி உண்டா, போகாத துட்டி வீடு உண்டா? பஸ் இல்லன்னாலும் நடந்தே போவிய. போயி அந்த வாசல்ல நிப்பிய. உள்ளயும் விட மாட்டான், நீங்களும் வர மாட்டிய. நா உங்கள எங்கன போய்த் தேட?"

துட்டி என்று சொல்லிவிட்டாள். இன்னும் சாகாதவனுக்கு அந்தச் சொல் எதற்கு? திட்டினேன். நிறையத் திட்டினேன். ஐம்பது வருஷத்துக்கும் சேர்த்து. அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

சுண்ணாம்பு விஷயம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திட்டின வாயால் எப்படிச் சொல்வது? பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். பயம்.


22 மே, சனி

காலையில் மீனா கதவைத் தட்டினாள். "தாத்தா, மாடிக்கு வா. கொட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டேன்." உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை எட்டு நாளாக என் மடியில்தான்.

கதவுக்குப் பின்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பலகை, தொண்டை, வெற்றிலை, டப்பா.

சங்கரி அழுதுகொண்டே கத்தினாள். "எங்களைப் பால்காரர் பக்கத்துலகூட நிக்க விடல. நீங்க மட்டும் போயி ஒட்டி உட்கார்ந்தியளாக்கும். மீனாவ மடியில வச்சியளேப்பா."

கோமு கதவருகே வந்து நின்றாள். பிறகு: "அவுகளுக்குன்னு ஒரு டப்பா வாங்கிக் குடுத்திருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியைச் சங்கரி ஜன்னல் வழியாக நீட்டினாள். 96. நம்பாமல் மறுபடி போட்டேன். 94. விரல் சில்லென்று இருந்தால் குறையுமாம். தேய்த்துவிட்டுப் போட்டேன். 97. கோமுவுக்கு 95. சங்கரி, மீனா 98. சுவரில் பென்சிலால் எழுதுகிறேன்.

வாசனை தெரிகிறதா என்று வெங்காயத்தை முகர்ந்தேன். தெரிகிறது. கற்பூரம், தெரிகிறது. பழைய செருப்பு, நன்றாகவே தெரிகிறது.


23 மே, ஞாயிறு

நாளையிலிருந்து மளிகைக் கடையும் கிடையாது என்கிறார்கள். காய்கறி வண்டி தெருவுக்கு வருமாம். சங்கரி தனியாகவே போய் எல்லாம் வாங்கினாள். தேங்காய் மறந்துவிட்டது.

கா. 6. தலைக்கு மேல் காலடிச் சத்தம். கோமு மாடியில் நடக்கிறாள். நானும் அறைக்குள் நடந்தேன். என் அறை எட்டு எட்டுதான். இருந்தாலும் அவள் திரும்பும்போது திரும்பினேன், அவள் நின்றால் நின்றேன். அவள் ஏன் நிற்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒருமுறை வெகுநேரம் நின்றுவிட்டாள். "ஏளா" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"செத்துப் போகல. அருவியப் பாத்துட்டு நிக்கேன்."

மதியம் ஜன்னலுக்கு வெளியே மீனா பல்லாங்குழியை விரித்தாள், பத்தடி தள்ளி. எந்தக் குழி என்று நான் சொல்ல வேண்டும், எனக்காகவும் அவளே ஆட வேண்டும். மூன்று ஆட்டம். மூன்றிலும் எனக்குத் தோல்வி. என் காயை எடுத்துத் தன் குழியில் போடுவது இங்கிருந்தே தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே தினமும் தோற்கலாம்.

சொரிமுத்து மகளுக்குச் சங்கரி பேசினாள். "அப்படியேதான் இருக்காவ" என்றாளாம். அப்படியே என்றால் எப்படி? யாரிடம் கேட்பது?


24 மே, திங்கள்

நல்ல வெயில். தெருவில் நாய்கூட இல்லை.

கோமுவுக்கு இருமல். தாளித்தபோது மிளகாய் நெடி என்றாள். மதியமும் இருமினாள். அப்போது யாரும் தாளிக்கவில்லை.

93.

அறையை விட்டு வந்துவிட்டேன், வாசல்படி வரை. "உள்ள போங்க" என்று மூன்று பேரும் ஒரே சமயம். போனேன். கதவில் தலையை வைத்துக்கொண்டு இருமலை எண்ணினேன். இருபது வரைக்கும் எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டேன்.

இரண்டாவது தடுப்பூசிக்குப் போனபோது மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அங்கே சத்தம் போட்டேன். சத்தம் போட்டதற்குப் பதிலாக மறுநாளும் போயிருக்க வேண்டும்.


25 மே, செவ்வாய்

மீனா நேற்றே முருகனிடம் எங்கள் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிட்டாள், மாடியில் நின்று. அவன் சொல்லித்தான் இன்று சுகாதாரத்துறைப் பெண் வந்தாள். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக், உள்ளே வேர்வை. நாலு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தாள். மீனா கடித்துவிட்டாள், கையுறையை.

"பெரியவரே, எங்க போனீங்க, யாரைப் பாத்தீங்க?"

எல்லாம் சொன்னேன். சுண்ணாம்பு டப்பாவையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். எங்கள் தாத்தாவும் இப்படித்தான் என்றாள். பிறகு மறுபடி எழுதினாள். அவள் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாலை முருகன் வாசலில் தேங்காய் இரண்டு வைத்துவிட்டுப் போனான். "பெரியப்பா, முள்ளு எடுக்கணும்னா சொல்லுங்க." எடுக்காதே என்றேன். நானே சொன்னேன்.


26 மே, புதன்

முடிவு வரவில்லை. போன் அடித்தால் அவர்கள் மூன்று பேரும் போனுக்கு ஓடுகிறார்கள், நான் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஒருமுறை அடித்தது மாப்பிள்ளை. அவரைச் சங்கரி திட்டினாள், ஏன் இந்த நேரத்தில் கூப்பிடுகிறீர்கள் என்று.

கோமு 94. இருமல் காலையில் இருந்தது. மதியம் கவனித்துக் கேட்டேன், இல்லை. மாலையில் ஒன்று.

மா. 5. அவள் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். நடுவில் துணி துவைக்கும் கல். எத்தனை அடி என்று கண்ணால் அளந்தேன். பதினைந்து இருக்கும்.

"எதிர்க்கரையில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றேன்.

"வெத்தல கேக்காதிய, தர மாட்டேன்."

டப்பாவை அவள் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அப்புறம் குப்பையிலும் போட்டுவிட்டாளாம்.


27 மே, வியாழன்

கா. 11.20. போனில் செய்தி. நாலு பேருக்கும் இல்லை. சங்கரி மூன்று முறை படித்தாள், பிறகு நான் கண்ணாடி போட்டு என் கண்ணால் படித்தேன். இல்லை.

கோமு அரிசி களையப் போனாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

இருந்தாலும் அறையில் நாளை வரை இருப்பேன். பதினான்கு என்றால் பதினான்கு. பதிமூன்றில் வெளியே வர நான் ஆள் இல்லை.

சொரிமுத்து: இன்னும் ஆக்சிஜன். கஞ்சி இரண்டு கரண்டி குடித்தானாம். மகளை அடையாளம் தெரிந்ததாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து. குரல் வரவில்லையாம். அவனுக்கு யார் கொடுத்தார்களோ, எனக்கு ஏன் வரவில்லையோ. அது ஒரு கணக்கு. போட மாட்டேன்.


28 மே, வெள்ளி

பதினான்காம் நாள். வெயில். மலை முழுக்கத் தெளிவு. மாடியில் நாலு பேரும் நடந்தோம். கோமு நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்கும்வரை நாங்களும் உட்கார்ந்தோம்.

செய்ய வேண்டியவை:

முள்ளை எடுப்பது: முருகன். இப்போது அல்ல. ஊரடங்கு தளர்ந்த பிறகு.

முடிச்சை அவிழ்ப்பது: கோமு. வெட்டக் கூடாது. போட்டவள் அவிழ்க்கட்டும். அடைத்தது அநியாயம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

நல்லதானாலும் கெட்டதானாலும் அன்றைக்கே எனக்குச் சொல்வது: கோமு, சங்கரி இருவரும்.

சொன்ன பிறகு வீட்டில் இருப்பது: நான். எந்தச் செய்தியானாலும். அந்தச் செய்தியானாலும்.

இரண்டாம் ஊசிக்கு விசாரிப்பது: சங்கரி. போவது: நானும் கோமுவும். சத்தம் போடாமல் நிற்பது: நான்.

ஒளித்த புளியங்கொட்டை ஏழையும் திருப்பித் தருவது: மீனா.

சுண்ணாம்பு டப்பா இரண்டு வாங்குவது, ஆளுக்கு ஒன்றாக: நான், கடை திறந்த அன்றே. ஒன்றை அந்தக் கரைக்கு எறிய வேண்டும், மூடி கழலாமல்.

கால்வாயில் தண்ணீர் விடுவது: அணைக்காரர்கள்.

எழுந்து வந்து எதிர்க்கரைக் கல்லில் உட்காருவது: சொரிமுத்து. கத்த வேண்டாம். கையைத் தூக்கினால் போதும்.